பூச்சியின் நெற்றி

மட்டக்களப்பில் ஒரு பத்து இருபது வருடத்துக்கு முன்னர் கலியாணம் முடித்தவர்கள் தங்கள் வீடியோவை எடுத்துப் போட்டுப் பார்த்தால், எங்காவது ஓரிடத்தில் ஒரு முழங்கை வரும். மாலை மாற்றும்போதோ, கேக் வெட்டும்போதோ, மாப்பிள்ளையின் மாமா குறுக்கே வந்து நிற்கும்போதோ, அந்தக் கை இடது ஓரத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அது நாவற்குடா றெஜியின் கை. பதினெட்டு வருடம் அந்தக் கை வெளிச்சம் பிடித்தது.

றெஜி சாதாரண தரப் பரீட்சையில் மூன்று பாடம் மட்டும் சித்தியடைந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த காலத்தில் சில்வெஸ்டர் அண்ணனின் ஸ்டூடியோவில் சேர்ந்தான். சில்வெஸ்டர் கமெராவைப் பிடிப்பார். றெஜி அவருக்குப் பின்னால் சன்கன் என்கிற பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பான். அடுப்பைத் தலைக்கு மேலே பிடித்திருப்பது போல் அது சுடும். மாரி காலத்துக் கலியாணங்களில் ஈசலும், தத்தியும், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பூச்சிகளும் அந்த வெளிச்சத்துக்கு வந்து அவனுடைய வியர்த்த கையில் ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட முடியாது. லைட் ஆடினால் படம் ஆடும். ஆகவே தாலி கட்டும் நேரம் முழுக்க றெஜி கையிலிருந்த பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பூச்சிகளில் பிடிப்பு வந்தது அப்படித்தான்.

சில்வெஸ்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் ஒரு வசனம் மட்டும் ஒவ்வொரு கலியாணத்திலும் அவர் வாயிலிருந்து வரும்: "நெத்தி மின்னுது றெஜி." பவுடரும் வியர்வையும் கலந்த பொம்பிளையின், அதாவது மணப்பெண்ணின், நெற்றியில் லைட் நேராக விழுந்தால், அந்த இடம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல் படத்தில் விழும். முகம் என்ன நிறமானாலும் அந்த இடத்தில் வெள்ளைதான். அந்த வெள்ளைக்குள் பொட்டும் தெரியாது, மூக்குத்தியும் தெரியாது. றெஜி லைட்டைச் சுவருக்குத் திருப்புவான்; அல்லது பையில் வைத்திருக்கும் பழைய வெள்ளை வேட்டித் துண்டை லைட்டுக்கு முன்னால் கட்டுவான். மின்னல் அடங்கிவிடும். அவனுக்குத் தெரிந்த தொழிலின் முக்கால் பங்கு அதுதான்.

பிறகு, இருட்டிலும் பார்க்கிற கமெராக்கள் வந்தன. கமெராவின் தலையிலேயே சின்ன லைட் ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஒரே ஆள் எல்லாம் செய்யலாம் என்றாகிவிட்டது. சில்வெஸ்டர் அவனைக் கூப்பிட்டு, தண்ணீர் புகுந்து கெட்டுப்போன வீடியோக் கமெரா ஒன்றைக் கையில் கொடுத்து, இதையாவது வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். றெஜி அந்தக் கமெராவைக் கழற்றி, உள்ளேயிருந்த ஒரு சின்ன வில்லையை எடுத்து, தலைமயிர்க் கிளிப் ஒன்றில் ஒட்டி, போனின் கண்ணுக்கு மேலே மாட்டினான். எறும்பின் கால் மயிர் தெரிந்தது. அன்றிலிருந்து அவனுடைய போனில் பூச்சிப் படங்கள் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள்கூட மனைவி சுஜீவாவின் போனில்தான் இருக்கின்றன.

லைட் வேலை போனபின் அவன் வயலுக்குப் போனான். சுஜீவாவின் சீதனக் காணி, இரண்டு ஏக்கர், வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மருதடி வட்டையில் இருக்கிறது. வட்டை என்றால் ஒரு வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்வெளி முழுவதும். மருதடி வட்டையில் நாற்பத்தியொரு பேருக்குக் காணி உண்டு. தண்ணீர் திறப்பது, விதைப்பது, மருந்தடிப்பது எல்லாம் வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை வினாயகமூர்த்தி சொல்லும் நாளில்தான் நடக்கும். மருந்தடிப்பதில் இது மிகவும் கண்டிப்பு. ஒருவர் அடித்து மற்றவர் அடிக்காமல் விட்டால், பூச்சி வரம்பு தாண்டிப் பக்கத்து வயலில் போய் இருந்துவிட்டுத் திரும்பி வரும். ஆகவே அடித்தால் நாற்பத்தியொரு பேரும் ஒரே காலையில் அடிப்பார்கள்.

அந்த நாற்பத்தியொரு பேருக்குள் றெஜி கடைசி ஆள். பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வருகிறவன். வரம்பு கட்டத் தெரியாதவன். வயலுக்குள் குந்தியிருந்து போனைப் பயிருக்குள் நீட்டிக்கொண்டிருப்பவன். வினாயகமூர்த்தி அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "என்ன மனே, பொம்பிள இன்னும் வெளிக்கிடல்லையா?" என்று, மணப்பெண் அலங்காரம் முடியக் காத்து நிற்கும் படக்காரனிடம் கேட்பது போல் கேட்பார். பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். றெஜியும் சிரிப்பான். அப்படி மூன்று போகம் சிரித்திருக்கிறான்.

போன வருட மார்கழியில், நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு புதன்கிழமை அந்தச் சிரிப்பு நின்றது.

நெல் வேளாண்மை முழங்கால் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. வானம் நாலு நாளாக மூடிக் கிடந்தது. அடித்தண்டில் சின்னச் சின்னப் பூச்சிகள் இருப்பதாக இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அறக்கொட்டியாக இருக்கலாம் என்று ஒரு பயம் எல்லாருக்கும் இருந்தது. அறக்கொட்டி என்கிற தத்தி அடித்தண்டில் இருந்து சாற்றை உறிஞ்சினால், நெருப்பு வைத்தது போல் வட்டம் வட்டமாக வயல் கருகிப் போகும். அது மூன்று மில்லிமீற்றர் நீளம்கூட இருக்காது. வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. அதுவும் தொட்டால் பாயும்.

றெஜி குந்தியிருந்து பயிரை விலக்கி, வில்லையை மாட்டி, உள்ளே இருட்டாக இருந்தபடியால் போனின் டோர்ச்சைப் போட்டுப் படம் எடுத்தான். மங்கலான படம். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கரிய உடம்பு, முதுகில் பளிச்சென்று ஒரு வெள்ளை. அறக்கொட்டியோடு சேர்ந்து வரும் வெள்ளைமுதுகுத் தத்தி என்று ஒன்று உண்டு என்பது றெஜிக்குத் தெரியும். அவன் அந்தப் படத்தை வட்டையின் வட்ஸ்அப் குழுவில் போட்டான்.

விவசாயப் போதனாசிரியர் பிரஷாந்தியும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் அந்தக் கிழமை பயிற்சி ஒன்றுக்காகக் கண்டிப் பக்கம் போயிருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைமுதுகு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் தெளிவில்லை, இன்னொரு படம் அனுப்புங்கள் என்று எழுதினார். வினாயகமூர்த்தி முதல் பாதியை மட்டும் வாசித்தார். அரை மணித்தியாலத்துக்குள் அவருடைய குரல் குழுவில் வந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாரும் மருந்தடிக்கும் மெஷினோடு வர வேண்டும், இரண்டு நாளுக்குள் மருந்தை வாங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் இதையும் சொன்னார்: "இது நம்மட றெஜி தம்பி புடிச்ச படம். தம்பிக்கு ஒரு நன்றி சொல்லுங்க எல்லாரும்."

முப்பத்தெட்டுப் பேர் நன்றி சொன்னார்கள். சிலர் கைகூப்பிய படம் போட்டார்கள். றெஜி அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதை மறுபடியும் எண்ணிப் பார்த்தான்.

மறுநாள் வியாழக்கிழமை பின்நேரம் வீட்டில் நத்தார் வேலை நடந்தது. சுஜீவா மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி நட்சத்திரக் கூடு செய்துகொண்டிருந்தாள். ஐந்து கையுள்ள பெரிய நட்சத்திரம். தேவாலயத்துக்குப் போகும் வழியில் அவர்களுடைய வீட்டு நட்சத்திரத்தைத்தான் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. றெஜிக்குப் பாலன் குடிலின் சுரூபங்களைப் புதுப்பிக்கும் வேலை. போன வருடம் நிறம் உரிந்துபோன மாட்டுக்குக் கறுப்பு எனாமல் பூசினான். வெடித்த இடம் மூடப்பட்டதா என்று பார்க்க டோர்ச்சைப் போட்டுப் போனில் ஒரு படம் எடுத்தான்.

சுஜீவா எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, மாட்டுக்கு என்னத்துக்கு முதுகில வெள்ளை பூசின நீங்க?"

றெஜி மாட்டைப் பார்த்தான். முழுக் கறுப்பு. போனைப் பார்த்தான். முதுகில் பளிச்சென்று ஒரு வெள்ளை.

நெத்தி மின்னுது றெஜி. பதினெட்டு வருடம் கேட்ட வசனம். நூற்றுக்கணக்கான நெற்றிகளை மின்னாமல் காப்பாற்றியவன், ஒரு பூச்சிக்கும் நெற்றி இருக்கும் என்று நினைக்கவில்லை. பூச்சியின் ஓடு எனாமல் பூசியது போல் வழுவழுப்பு. அதன் மேல் நேரே டோர்ச் அடித்தால் எந்தப் பூச்சியும் வெள்ளைமுதுகுதான்.

அப்படியென்றால் அந்தப் பூச்சி என்ன? அது அவனுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக நாளை மறுநாள் நாற்பத்தியொரு மெஷின்கள் இறங்கப்போகின்றன. அடித்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. பிரஷாந்தி ஒருமுறை வட்டைக்கு வந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது: தேவையில்லாமல் அடித்தால் அறக்கொட்டியைத் தின்கிற பூச்சிகள்தான் முதலில் சாகும், தண்டுக்குள் இருக்கும் அறக்கொட்டி முட்டைகளுக்கு மருந்து படாது, பத்து நாளில் அவை பொரித்து வரும்போது அவற்றைத் தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது. வயல் கருகும். பிறகு அந்த முப்பத்தெட்டு நன்றிகளுக்கும் றெஜி என்ன பதில் சொல்வான்?

சரியான படம் ஒன்று எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள்தான் இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. நெற்றிக்குச் செய்ததுதான். லைட்டுக்கும் பூச்சிக்கும் நடுவில் வெள்ளையாக ஏதாவது வர வேண்டும். அது பூச்சிக்குக் கிட்ட இருக்க வேண்டும், பூச்சியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். சுஜீவாவின் மிச்சத் தாளில் மஞ்சள் மட்டும்தான் கிடந்தது. அதைக் கூம்பாகச் சுருட்டி வில்லையைச் சுற்றி ஒட்டி, வெளியிலிருந்து வீட்டுக் கை டோர்ச்சை அடித்து, முற்றத்துக் கட்டெறும்பு ஒன்றைச் சீனி வைத்து நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தான். மின்னல் போய்விட்டது. ஆனால் கட்டெறும்பு செவ்வெறும்பு போல் விழுந்தது. நிறம் பொய் சொன்னால் இன்னொரு பிழை. வெள்ளைத் தாள்தான் வேண்டும். வெள்ளைத் தாள் முழுவதும் நட்சத்திரத்தில் இருந்தது.

அவன் விஷயத்தைச் சுஜீவாவிடம் முழுவதும் சொன்னான். படம் பிழை என்பதையும், குழுவில் இன்னும் சொல்லவில்லை என்பதையும் சொன்னான். அவள் கத்தரிக்கோலை எடுத்து, தானே நட்சத்திரத்தின் ஒரு கையிலிருந்து தாளை வெட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"ஊராக்கள் கேட்டா, எங்கட நட்சத்திரத்துக்கும் அறக்கொட்டி அடிச்சிட்டு எண்டு சொல்றன்," என்றாள்.

வெள்ளைத் தாள் கூம்புக்குள் கட்டெறும்பு கட்டெறும்பாகவே விழுந்தது. அதன் வயிற்றில் இருந்த மெல்லிய மயிர்கூடத் தெரிந்தது. றெஜி கொஞ்சம் நிம்மதியாகப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவன் வட்டையில் நின்றான். குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், பாயாது என்பது அவன் கணக்கு. கணக்கு சரி. ஆனால் அதே குளிர் ஒவ்வொரு இலையிலும் பனியாக நின்றது. முதல் பயிருக்குள் கூம்பை நுழைத்ததும் தாள் நனைந்தது. கோதுமை மாப் பசை கரைந்தது. இரண்டாவது படத்துக்குக் கூம்பு நனைந்த அப்பளம் மாதிரித் தொங்கி வில்லையில் ஒட்டிக்கொண்டது. நட்சத்திரத்தின் கை வீணாய்ப் போயிற்று. றெஜி வரம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கீழே வடிச்சல் வாய்க்காலில் கண்ணகை அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வட்டையில் அரை ஏக்கர் உண்டு. மிச்ச நேரத்தில், வயல் தண்ணீர் வாவிக்கு வடியும் இடத்தில் அத்தாங்கு போட்டு இறால் பிடிப்பாள். அத்தாங்கு என்பது கையால் அள்ளுகிற சின்ன வலை. மருந்தடித்தால் மூன்று கிழமைக்கு அந்த வாய்க்காலில் அவளுக்கு வேலை இல்லை. அதனால் இன்றும் நாளையும் பிடிக்க முடிந்ததைப் பிடித்துவிட வேண்டும் என்று இருட்டோடு வந்திருந்தாள்.

"என்ன மனே, வெள்ளாப்பில வந்து கப்பல் கவுண்ட மாதிரி இரிக்காய்?"

றெஜிக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னான். மாடு, எறும்பு, நட்சத்திரம், நனைந்த தாள் எல்லாவற்றையும் சொன்னான். கண்ணகை அவனுடைய நீண்ட கதையில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். நனையாத வெள்ளையாக ஒன்று வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டாள். மடியிலிருந்து ஒரு பழைய யோகட் கோப்பையை எடுத்தாள். அதில்தான் அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருந்தாள். மேலேயிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து, பால் போல் மங்கிய வெள்ளை. சுண்ணாம்பை ஒரு இலையில் வழித்து வைத்துவிட்டு, வாய்க்காலில் கழுவிக் கொடுத்தாள்.

றெஜி கத்தியால் கோப்பையின் அடியை வெட்டி வில்லையில் பொருத்தினான். பயிரின் தண்டு உள்ளே வருவதற்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினான். கோப்பையைத் தண்டோடு சேர்த்து அணைத்தபோது பூச்சிகள் உள்ளே மாட்டிக்கொண்டன, பாய்ந்தாலும் கோப்பைக்குள்தான். ஆனால் ஒரு கை போனுக்கும் ஒரு கை தண்டுக்கும் போய்விட்டது. டோர்ச் பிடிக்க ஆள் இல்லை.

கண்ணகை சேலையைச் சொருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். டோர்ச்சை வாங்கிக் கோப்பைக்கு நேரே பிடித்தாள்.

"ஒள்ளுப்பம் உயத்துங்க அக்கா," என்றான் றெஜி. "அவ்வளவு வேணாம். ஒள்ளுப்பம் இந்தப் பக்கம் கிறுகி நில்லுங்க. ஆட வேணாம்."

"ஆடல்ல மனே, அட்டை கடிக்குது."

"கடிக்கட்டும் அக்கா. ரெண்டு நிமிசம்."

சொல்லும்போதே அவனுக்கு அது யாருடைய குரல் என்று தெரிந்தது. சில்வெஸ்டர் அண்ணன் அவனிடம் பதினெட்டு வருடம் பேசிய குரல் அது. கோப்பை முழுவதும் ஒரு சின்னக் கூடாரம் போல் ஒளிர்ந்தது. ஆனாலும் பூச்சியின் வயிற்றுப் பக்கம் இருட்டாக இருந்தது. கண்ணகையின் அலுமினிய இறால் சட்டியை மறுபக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தான். அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கீழே போய் விழுந்தது. அவன் மூச்சை அடக்கி, போனை ஒரு நெல்மணி அகலத்துக்கு முன்னும் பின்னுமாக நகர்த்தி, இருபத்தேழு படம் எடுத்தான். இருபத்துமூன்று மங்கல். நாலு சரி.

வரம்பில் ஏறி இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். படத்தில் முதுகில் வெள்ளையே இல்லை. தலையும் தோளும் கறுப்பு. செட்டை இளம் பச்சை. றெஜி படத்தைப் பெரிதாக்கினான். இப்போதும் அவனுக்கு என்ன பூச்சி என்று பிடிபடவில்லை. கண்ணகைதான் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது அறக்கொட்டி இல்ல மனே. மீசையப் பாரு."

தலையிலிருந்து இரண்டு நீண்ட உணர்கொம்புகள், நூல் போல, உடம்பளவு நீளத்துக்கு வளைந்து கிடந்தன. புதன்கிழமைப் படத்தில் அவை வெள்ளை மின்னலுக்குள் மறைந்து போயிருந்தன.

"அறக்கொட்டிக்கு மீசை இரிக்கிறயே தெரியா. எத்தினைய நசிச்சிரிக்கன் இந்தக் கையால. இதுக்கு இறாலுக்கு இரிக்கிற மாதிரி நீளமா இரிக்கு."

றெஜி நாலு படத்தையும் பிரஷாந்திக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு வரம்பில் நடந்தான். திரும்பி வந்தான். மறுபடியும் நடந்தான். கண்ணகை சுண்ணாம்பை இலையிலிருந்து எடுத்து வெற்றிலை போட்டு முடித்துவிட்டாள். எட்டு மணிக்குப் போன் அடித்தது.

பிரஷாந்தி முதலில் கேட்டது என்ன கமெரா என்று. பிறகு சொன்னார், அது அறக்கொட்டியின் முட்டையைக் குத்திக் குடிக்கிற மிறிட் என்கிற பூச்சி, நல்ல பூச்சி. ஆனால் அது நிற்கிற இடத்தில் அறக்கொட்டியும் கொஞ்சம் நிற்கும். ஆகவே பத்து இடத்தில் பயிரைப் பிடித்து இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். றெஜியும் கண்ணகையும் பத்து இடத்தில் கோப்பையை அணைத்து எண்ணினார்கள். அறக்கொட்டி பதினாலு. மீசைக்காரர் முப்பத்தொன்று.

அதைக் கேட்டதும் போனின் அந்தப் பக்கத்தில் பிரஷாந்தி மூச்சு விடுவது கேட்டது. "அடிக்க வேணாம் அண்ணா," என்றார். "தண்ணிய மட்டும் வடிச்சு விடுங்க. அஞ்சு நாளைக்குப் பிறகு மறுகா எண்ணுங்க."

றெஜிக்குச் சிரிக்க வேண்டும் போலும் இருந்தது, அழ வேண்டும் போலும் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வேலை மிச்சம். நாற்பது பேருக்கு முன்னால் நின்று என் படம் பிழை என்று சொல்ல வேண்டும். அந்த முப்பத்தெட்டு நன்றிகளையும் அவனே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

குழுவில் எழுதினால் பாதியை மட்டும் வாசிப்பார்கள் என்பது தெரிந்தபடியால், வினாயகமூர்த்தியிடம் சொல்லிப் பின்நேரம் நாலு மணிக்கு எல்லாரையும் மருத மரத்தடிக்குக் கூப்பிடச் செய்தான். வீட்டுக்குப் போய் ஒரு பையில் ஒரு சாமானைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். றெஜி எழுந்து நின்று, புதன்கிழமை நான் போட்ட படம் பிழை என்று சொன்னான். பூச்சியில் வெள்ளை இல்லை, என்னுடைய டோர்ச்சில்தான் வெள்ளை என்று சொன்னான். முன்னால் இருந்த நல்லரத்தினம் காலை மாற்றிப் போட்டார். மூன்று ஏக்கர்க்காரர், நேற்றே மருந்து வாங்கி வைத்துவிட்டவர்.

"முந்தநாள் வெள்ளை எண்டாய். இண்டைக்குக் கறுப்பு எண்டுறாய். நாளைக்கு என்ன, பச்சையா?"

"பச்சையும்தான் அண்ணன்," என்றான் றெஜி. "செட்டை பச்சை."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்துவிட்டார். றெஜி பையைத் திறந்து பாலன் குடிலின் மாட்டை எடுத்து வெளியில் வைத்தான். இது என்ன நிறம் என்று கேட்டான். கறுப்பு என்றார்கள். டோர்ச்சை நேரே அடித்துப் படம் எடுத்து நல்லரத்தினத்தின் கையில் போனைக் கொடுத்தான். அவர் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்தார். பிறகு றெஜி மாட்டின் முதுகுக்கு மேல் யோகட் கோப்பையை வைத்து, வெளியிலிருந்து டோர்ச் அடித்து, இன்னொரு படம் எடுத்தான். போன் கை மாறி மாறி மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தது. அதன் பின்னால் காலையில் எடுத்த பூச்சிப் படமும், பிரஷாந்தி அனுப்பிய குரலும் போயின. கண்ணகை எண்ணிக்கையைச் சொன்னாள். மீசையைப் பற்றியும் விடவில்லை.

கடைசியாகப் போன் வினாயகமூர்த்தியிடம் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மனிதர் என்ன சொல்லப்போகிறார் என்று றெஜி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மாட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"நல்ல காலம் தம்பி, நீ மாட்டுக்கு மருந்தடிக்கயில்ல," என்றார்.

மரத்தடி முழுவதும் சிரித்தது. இந்த முறை றெஜிக்கும் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க வினாயகமூர்த்தி எழுந்தார். சனிக்கிழமை ஒருவரும் மெஷின் எடுப்பதில்லை, இன்று பின்நேரமே மதகைத் திறந்து தண்ணீரை வடிப்பது, மருந்து வாங்கியவர்கள் மூடி திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நல்லரத்தினம், தன்னுடையது மூடி திறக்கவில்லை என்று முதல் ஆளாகச் சொன்னார். போகும்போது றெஜியிடம் வந்து, பிழையைப் பிழை என்று வந்து சொன்னாய், இல்லாவிட்டால் நாங்கள் எங்கே அறியப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். றெஜிக்கு அது முப்பத்தெட்டு நன்றிக்கும் மேலாகப் பட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் விழித்துவிட்டான். வட்டையில் இப்போது மெஷின் இரைந்திருக்க வேண்டிய நேரம் என்று நினைத்தான். இரையவில்லை என்று நினைத்தான். திரும்பிப் படுத்து ஒன்பது மணி வரை நித்திரை கொண்டான். அப்படி அவன் நித்திரை கொண்டதைச் சுஜீவா அந்த வருடத்தில் பார்த்ததில்லை.

ஐந்து நாளைக்குப் பிறகு எண்ணியபோது அறக்கொட்டி ஆறு. அதற்கடுத்த முறை இரண்டு. சில மூலைகளில் பயிர் கொஞ்சம் மஞ்சளித்ததுதான், அது தண்ணீர் வடித்ததால் என்று பிரஷாந்தி சொன்னார். நத்தாருக்கு முதல் நாள் கண்ணகை ஒரு சட்டி இறால் கொண்டுவந்து நாவற்குடாவில் இறக்கிவிட்டுப் போனாள். வாசலில் நட்சத்திரம் தொங்கியது. நாலு கை வெள்ளை, ஒரு கை மஞ்சள். தேவாலயத்துக்குப் போனவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏன் ஒரு கை மட்டும் மஞ்சள் என்று கேட்டார்கள். சுஜீவா ஒவ்வொருவருக்கும் முழுக் கதையும் சொன்னாள்.

இதற்கிடையில் வினாயகமூர்த்தி அந்த மீசைப் பூச்சியின் படத்தை வட்டைக் குழுவின் முகப்பில் வைக்க ஆசைப்பட்டு, றெஜியிடம் நல்ல பிரதி ஒன்று கேட்டார். றெஜி அனுப்பினான். அனுப்புவதற்கு முன் படத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: படம் றெஜி, லைட் கண்ணகை.

கண்ணகைக்கு வாசிக்க வராது. யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று பின்நேரம் அவளுடைய குரல் குழுவில் வந்தது. அடுத்த முறை தன்னைக் கூப்பிடுவதென்றால் முதலில் ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தர வேண்டும், அட்டைக்கடி இன்னும் ஆறவில்லை என்றாள்.